சுவருக்கு அந்தப் பக்கம் சொன்ன பதில்

வெந்நீர் ஊற்றுள்ள மலைக்கிராமமான இவாதானியில் ஒரு விஷயம் முடிவாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஊர்க்கூட்டத்துக்குப் போய்ப் பயனில்லை. கூட்டத்தில் தேநீர் குடிப்பார்கள், முள்ளங்கி ஊறுகாய் கடிப்பார்கள், தலைவர் வாசிப்பதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். பேச்சு அதற்கு முன்பே ஊருக்குப் பொதுவான கீழ்க் குளியல்கூடத்தில், கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தபடி முடிந்திருக்கும். ஆண்கள் தொட்டிக்கும் பெண்கள் தொட்டிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அது கூரை வரை போகாது. இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும், ஆள் மட்டும் தெரியாது. ஒரு யோசனை பிடிக்காதவர் வாயைத் திறந்து மறுப்பதில்லை. தண்ணீரை விட்டு எழுந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொள்வார். ஒருவர் எழுந்தாலும் போதும், அந்த யோசனையை அத்தோடு விட்டுவிடுவார்கள். பேச்சின் முடிவில் ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கும்: "அங்க எப்படி?" பெண்கள் பக்கத்தில் அந்த வருஷத்துப் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, அவள் பதில் சொல்வாள். அவள் சொல்வதுதான் கணக்கு.

அந்த வருஷம் பொறுப்பு ஹோஆஷி மிட்சுயோவிடம் இருந்தது.

மிட்சுயோ அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். சிறுமியாக இருந்தபோது மலை இறங்கி நகரத்துப் பள்ளிக்குப் பேருந்தில் போவாள். இவாதானியில் தரை விரிசல் விட்ட இடமெல்லாம் ஆவி. துணியிலும் தலைமுடியிலும் சோற்றுப் பெட்டியிலும் கந்தக வாசனை ஏறிவிடும். அவள் பேருந்தில் கால் வைத்ததும் நகரத்துப் பெண்கள் மூக்கைப் பிடிப்பார்கள்.

"ஜன்னலைத் திறங்கடி, அழுகின முட்டை ஏறிடுச்சு."

மிட்சுயோ தலையைக் குனிந்துகொள்வாள். இரண்டு வீடு தள்ளியிருந்த ஃபுசாகோதான் பதில் கொடுப்பாள்.

"அழுகின முட்டை வாசனை உனக்கு எப்படிடி இவ்வளவு நல்லாத் தெரியுது? வீட்டுல தினமும் அதானா?"

பேருந்தே சிரிக்கும். மிட்சுயோவும் சிரிப்பாள். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பள்ளி உடுப்பை ஆற்றுத் தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் போடுவாள்.

ஃபுசாகோவுக்குப் பத்தொன்பது வயதானபோது, வீட்டுக்குப் பின்னால் சோளம் வேகவைக்கும் ஆவிக்குழியின் ஓரம் இடிந்தது. மல்லாந்து விழுந்தாள். தோளிலிருந்து முழங்கால் வரை வெந்துபோயிற்று. பெப்பு நகரத்து ஆஸ்பத்திரியில் வெகுநாள் குப்புறக் கிடந்து எழுந்து வந்தாள். அதன்பிறகு கோடையிலும் முழுக்கைச் சட்டைதான், கணுக்கால் வரை கால்சட்டைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "என்னை ஏற்கெனவே ஒரு தடவை வேகவெச்சாச்சு, மறுபடி அடுப்புல ஏத்தாதீங்க" என்று சிரித்தே அனுப்பிவிட்டாள்.

அவள் சட்டையைக் கழற்றி நிம்மதியாக உட்காரக்கூடிய இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. கீழ்க் குளியல்கூடத்தில் அவளை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாதென்று பார்க்காமல் இருந்தார்கள் என்றும் இல்லை. ஊர்ப் பெண்களுக்கு அது ஃபுசாகோவின் முதுகு, அவ்வளவுதான். கை எட்டாத இடத்தை மிட்சுயோ தேய்த்துவிடுவாள். எங்கே தோல் மெழுகுத்தாள் மாதிரி வழவழப்பாக இருக்கும், எங்கே கொஞ்சம் அழுத்தினாலும் வலிக்கும் என்பது மிட்சுயோவின் விரலுக்குத் தெரியும். தழும்பேறிய தோலுக்குச் சூடு உறைக்காது என்பதும் தெரியும். அதனால் வெந்நீர் வந்து விழும் வாய்க்குக் கீழே, வேறு யாரும் உட்கார முடியாத இடத்தில் ஃபுசாகோ உட்காருவாள். எல்லாரும் வெந்து சிவந்து எழுந்துபோன பிறகும் கடைசி ஆளாக அங்கே இருப்பாள்.

மேட்டில் ஆவி மின்நிலையம் வந்தபோது மிட்சுயோவின் கணவன் தெட்சுவோவுக்கு அங்கே வேலை கிடைத்தது. குழாய்க்குள் கல்லாக இறுகிப்போகும் வெள்ளைப் படிவைச் சுரண்டும் வேலை. வடக்கே கடலோரத்தில் அணு உலை வெடித்த வருஷத்துக்குப் பிறகு நிலையத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் கோட்டுப் போட்ட அதிகாரிகள், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் பேருந்து பேருந்தாகச் சும்மா ஊர் பார்க்க வந்தவர்கள். விவசாயக் கூட்டுறவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த மிட்சுயோ, நிலையத்தின் வாசலில் ஒரு கொட்டகை போட்டு மூங்கில் கூடையில் சோளமும் முட்டையும் சர்க்கரைவள்ளியும் ஆவியில் அவித்து விற்றாள். மஞ்சள் தலைக்கவசம் வைத்துக்கொண்டு வழிகாட்டியாகவும் ஆனாள்.

ஒருநாள் நகராட்சி அலுவலகத்துப் பையன் யானோ கொட்டகைக்கு வந்தான். சுற்றுலாவுக்குப் பொறுப்பு அவன்தான். வந்தவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டுப் பதில் எழுதி வாங்கியிருந்தான்.

"மிட்சுயோ அக்கா, குழாயைப் பத்தி ஒருத்தரும் எழுதல."

முட்டை உரித்துக்கொண்டிருந்த தெட்சுவோ நிமிர்ந்தான். "நான் ஆயுசு பூரா சுரண்டியிருக்கேன். ஒருத்தருமா எழுதல?"

"ஒரு சின்னப் பிள்ளை எழுதியிருக்கு. சத்தம் ஜாஸ்தின்னு."

"அது சரியாத்தான் எழுதியிருக்கு," என்றாள் மிட்சுயோ.

"எல்லாரும் ஒண்ணுதான் கேக்குறாங்க," என்றான் யானோ. "ஊர்க்காரங்க குளிக்குற இடம் எது, அங்க நாங்களும் இறங்கலாமான்னு."

"எங்க குளியல்கூடத்துலயா? அங்க என்னப்பா இருக்கு? சுவரெல்லாம் பாசி. கூரை ஒழுகுது."

"அதுதான் வேணுமாம்."

மிட்சுயோவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த நாற்றத்துக்காக ஜன்னலைத் திறந்தவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தத் தண்ணீரில் இறங்கக் கெஞ்சுகிறார்கள் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள். ஆசை வந்துவிட்டது. இத்தனை வயதுக்கு மேல் வந்த ஆசை. அதனால் அது விடாப்பிடியாக இருந்தது.

அன்று சாயங்காலம் குளியல்கூடத்தில் பேச்சை எடுத்தாள். முந்தின நாள் மழையில் ஓடைக்குழாயில் இலை அடைத்திருந்தது. குளிர்ந்த நீர் சரியாகக் கலக்காமல் தொட்டி கொதித்தது. பெண்கள் அவித்த நண்டு மாதிரி சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெளியூர்க்காரங்களா?" என்றாள் சோயாக்கட்டிக் கடைக்காரி சாவாகோ. "வந்து என் தொப்பையைப் பாக்கணுமாமா? பாக்கட்டும். என் வீட்டுக்காரரே பாக்குறதில்ல."

"கேக்குதுடி!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கணவனின் குரல் வந்தது.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்!"

கூடமே சிரித்தது. மிட்சுயோ ஒழுகும் கூரையைச் சொன்னாள், இழுத்து மூடப்போகும் தொடக்கப்பள்ளியைச் சொன்னாள், பூட்டிக் கிடக்கும் வீடுகளைச் சொன்னாள். எல்லாம் உண்மை. நடுவில் சாவாகோ, "ஐயோ, வெந்துட்டேன்" என்று எழுந்து, விளிம்பில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு, மறுபடி இறங்கினாள். இன்னொருத்தியும் அப்படியே செய்தாள். அது மறுப்பில்லை, சூடுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்போது ஃபுசாகோ எழுந்தாள். வெந்நீர் விழும் வாய்க்குக் கீழேயிருந்து எழுந்து, விளிம்பில் உட்கார்ந்து, சின்னத் துண்டை முழங்காலில் மடித்து வைத்துக்கொண்டாள். விசிறிக்கொள்ளவில்லை. திரும்ப இறங்கவுமில்லை. சாவாகோ வேறொரு வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்ததால் மற்றவர்கள் கவனிக்கவில்லை. மிட்சுயோ கவனித்தாள்.

"அங்க எப்படி?" தெட்சுவோவின் குரல் வந்தது.

மிட்சுயோ சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சூடு தாங்காம எழுந்தவங்கதான். வேற யாரும் இல்ல."

"அப்போ சரி," என்றது அந்தப் பக்கம்.

ஃபுசாகோ ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டாள். "முன்னாடி போறேன்" என்று எல்லாரும் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு முதுகு தேய்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவளுக்குச் சூடு உறைக்காது என்பது அந்தக் கூடத்தில் மிட்சுயோவை விட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்திருந்தும், இன்றைக்குத் தண்ணீர் ரொம்பவே கொதித்தது, அவளுக்கும் தாங்கவில்லை போலிருக்கிறது என்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குளியல்கூடம் விருந்தாளிகளுக்குத் திறந்தது. அதனால் நன்மை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதுக் கூரை வந்தது. சாவாகோவின் கடையில் மத்தியானத்துக்குள் சரக்கு தீர்ந்தது. பூட்டிக் கிடந்த வீடு ஒன்றுக்கு கானா என்ற இளம்பெண் கணவனோடும் கைக்குழந்தையோடும் குடிவந்து, சின்னதாக ஒரு விடுதி நடத்த ஆரம்பித்தாள். ஆறு மணி வரை விருந்தாளிகள், அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் என்று ஏற்பாடு. ஃபுசாகோ ஆறு மணிக்கு மேல் வந்துகொண்டுதான் இருந்தாள். முன்பு மாதிரி கடைசி ஆளாக உட்காருவது மட்டும் இல்லை.

மிட்சுயோவின் வழிகாட்டிப் பேச்சுக்குப் பெயர் வந்துவிட்டது. பிள்ளைகள் ஆவிக்குழியின் ஓரத்தில் விளையாடுவதைத் தடுக்க, "இங்க ஒரு பொண்ணு விழுந்து வெந்துபோனா, தள்ளி நில்லுங்க" என்று முதலில் ஒரே வரிதான் சொன்னாள். கூட்டம் சட்டென்று அமைதியானது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சொன்னாள். பிறகு சோளக்கூடையைச் சொன்னாள், இடிந்த மண்ணின் சத்தத்தைச் சொன்னாள், ஆஸ்பத்திரியைச் சொன்னாள். தனக்குத் தெரியாததையும் சேர்த்துக்கொண்டாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. "இன்னைக்கும் அவ எங்களோட அதே தண்ணியிலதான் குளிக்குறா" என்று முடிப்பாள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எது மனதில் நின்றது என்ற யானோவின் கேள்விக்கு அந்தக் கதையைத்தான் நிறையப் பேர் எழுதினார்கள். அதை அவன் சொன்னபோது மிட்சுயோவுக்குப் பெருமையாக இருந்தது.

இலையுதிர்காலத்தில் ஒரு சாயங்காலம், ஒசாகாவிலிருந்து வந்து கானாவின் விடுதியில் தங்கிய இரண்டு இளம்பெண்கள் நேரம் தெரியாமல் ஆறரைக்குக் குளியல்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மிட்சுயோ ஃபுசாகோவின் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கிட்டே வந்து, மிகவும் மரியாதையாக, மிகவும் அன்பாகக் கேட்டாள்.

"நீங்கதானா அவங்க? மத்தியானம் இந்தம்மா சொன்னாங்களே... நாங்க ரெண்டு பேரும் அழுதுட்டோம். இப்பவும் வலிக்குமா?"

மிட்சுயோவின் கை முதுகிலேயே நின்றுவிட்டது. ஃபுசாகோ திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா, நான்தான்," என்றாள். "நல்லாப் பாத்துக்குங்க. இதுக்குத் தனியா டிக்கெட் கிடையாது."

அந்தப் பெண் அசடு வழியச் சிரித்தாள். ஃபுசாகோ சோப்பைக் கழுவி, தொட்டியில் இறங்கி, வழக்கமான நேரம் உட்கார்ந்து, அந்தப் பெண்களிடம் ஒசாகாவில் மழையா என்றுகூட விசாரித்து, "முன்னாடி போறேன்" என்று எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் குளியல்கூடத்துக்கு வரவில்லை.

சளி பிடித்திருக்கும் என்று மிட்சுயோ நினைத்தாள். கோபம் தணியட்டும் என்று நினைத்தாள். விருந்தாளிகள் குறையும் பருவம் வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் சாவாகோதான் கொட்டகைக்கு வந்து சொன்னாள்.

"சேதி தெரியுமா? ஃபுசாகோ வீட்டுல கேஸ் கீசர் மாட்டுறாங்க. இவாதானியில கேஸ் கீசர்! கடலுக்குள்ள நின்னு உப்பு வாங்குன கதையா இருக்கு."

வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் இழுப்பதில்லை என்பது ஊர்க்கட்டு. ஊற்று எல்லாருக்கும் பொது. அதனால் ஊரில் ஒரு வீட்டிலும் குளியல்தொட்டி இருந்ததில்லை. மிட்சுயோ நான்கு சோளத்தை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். நகரத்து ஆள் ஒருவன் கொல்லைச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். ஃபுசாகோ சமையலறைக் கதவருகே நின்று அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதையைச் சொன்னது தப்புதான்," என்றாள் மிட்சுயோ. "இனிமே சொல்ல மாட்டேன். பிள்ளைங்க பயப்படணுமேன்னு ஆரம்பிச்சேன்..."

"கதையை விடு. சோளம் சூடா இருக்கா?"

"இருக்கு. ஃபுசாகோ, ஏதாவது திட்டு."

"கதைக்காகத் திட்டணும்னா அன்னைக்கே திட்டியிருப்பேன்." ஃபுசாகோ சோளத்தின் இலையை உரித்தாள். "நான் எழுந்தேன்ல, வெளியூர்க்காரங்களைப் பத்திப் பேசின அன்னைக்கு. நீ பாத்த."

"தண்ணி கொதிச்சுதுடி. நான் சூடுன்னு..."

"யாருக்கு?"

மிட்சுயோ மீதிச் சோளத்தைப் படியில் வைத்தாள்.

"வேற யாரு சொல்லியிருந்தாலும் தெரியாம சொல்லிட்டாங்கன்னு நினைச்சிருப்பேன்," என்றாள் ஃபுசாகோ. "அப்பவே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கல. பஸ்ல உனக்காகப் பேசி எனக்குப் பழக்கம். எனக்காகப் பேசிப் பழக்கமில்ல."

துளை போடும் சத்தம் மறுபடி எழுந்ததால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வாரமே மிட்சுயோ குளியல்கூடத்தில் இன்னொரு யோசனையை எடுத்தாள். விருந்தாளிகளுக்குத் திறப்பதை நிறுத்திவிடலாம் என்றாள். பேசத் தெரியாமல் பேசினாள், ஆனால் ஃபுசாகோவின் பெயரைச் சொல்லியே பேசினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு கானா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. விடுதியை நம்பித்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

இதற்குள் வருஷம் மாறி, பொறுப்பு சாவாகோவிடம் போயிருந்தது.

"அங்க எப்படி?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டார்கள்.

சாவாகோ ஒரு கணம் மிட்சுயோவைப் பார்த்தாள். "ஒருத்தர் எழுந்துட்டாங்க," என்றாள்.

அத்தோடு முடிந்தது. முறை முறைதான். மிட்சுயோவாலும் அதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை மட்டும் ஊர்க்காரர்களுக்கு என்று பிறகு சாவாகோவே பேசி ஒரு வழி செய்தாள். யானோவும் ஒப்புக்கொண்டான். மிட்சுயோ ஓடிப்போய்ச் சொன்னபோது ஃபுசாகோ, "திங்கக்கிழமையா? நல்லதாப் போச்சு, பாக்கலாம்" என்றாள். இவாதானியில் "பாக்கலாம்" என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமைகள் வந்து போயின. வெந்நீர் விழும் வாய்க்குக் கீழே இடம் காலியாகவே கிடந்தது. மற்றவர்களுக்கு அங்கே சூடு தாங்காது.

மிட்சுயோ வழிகாட்டி வேலையை விட்டுவிட்டாள். கொட்டகையை மட்டும் வைத்திருந்தாள். இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள், "அந்த வெந்துபோன பொண்ணோட கதை சொல்லுங்களேன்" என்று கேட்பார்கள். "அப்படிக் கதை எதுவும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிச் சோளத்தை நீட்டுவாள். சிலர் ஏமாற்றத்தோடு போவார்கள்.

பனி விழுந்த ஒரு திங்கட்கிழமை, குளியல்கூடத்துக்குக் கிளம்பியவள் துண்டும் வாளியுமாக ஃபுசாகோவின் வாசலில் போய் நின்றாள். கூப்பிடத்தான் வந்தாள். வாய் வரவில்லை. அவள் நிற்பதைப் பார்த்து ஃபுசாகோ கதவைத் தள்ளித் திறந்தாள்.

"துண்டோட வந்துட்டு எதுக்குடி குளிர்ல நிக்குற? இப்பதான் தொட்டி நிரப்பினேன். வந்தவங்கதான் முதல்ல. போ, குளி."

வந்தவர் முதலில் குளிப்பது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. மிட்சுயோ அந்த வீட்டில் அதுவரை விருந்தாளியாக இருந்ததில்லை. மறுக்கத் தோன்றவில்லை.

குளியலறை புதிதாக, வெள்ளையாக இருந்தது. பிளாஸ்டிக் தொட்டி ஒருத்தி முழங்காலை மடக்கி உட்காரும் அளவு. தண்ணீருக்கு வாசனையே இல்லை. கொல்லைப்புறச் சுவரில் கீசர் முனகிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு நீளக் காம்பு வைத்த தேய்ப்பான் தொங்கியது. கை எட்டாத முதுகைத் தானே தேய்த்துக்கொள்ள வாங்கியது. மிட்சுயோ அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கதவுக்கு வெளியே ஃபுசாகோவின் நிழல் வந்து நின்றது.

"சூடு போதுமா?"

தண்ணீர் ஏற்கெனவே ஆற ஆரம்பித்திருந்தது.

"போதும்," என்றாள் மிட்சுயோ.